கத்தியை வாங்கியவளும் கதவைச் சாத்தியவனும்

உலகத்தில் எழுதப்பட்ட கணவன் மனைவி கதைகளில் ஆகச் சிறந்தது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் 'மக்பெத்' என்பேன். கொலைக்கதை, சூனியக்காரிகள் வரும் கதை, விருந்து மேசையில் ஆவி வந்து குந்தும் கதை என்று அதைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். அத்தனையும் அதில் உண்டு. ஆனால் என்னைப் பிடித்து உலுப்பியது அந்தக் கோட்டைக்குள் இரண்டு பேருக்கிடையில் நடக்கும் இழுபறி. ஆசையை முதலில் வாய்விட்டுச் சொல்வது யார், முடிவை எடுப்பது யார், நடுங்குவது யார், தேற்றுவது யார், ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே திட்டம் போடத் தொடங்குவது யார்? வில்லியம் சேக்ஸ்பியர் இதை 1606ஆம் ஆண்டை ஒட்டி எழுதினார் என்கிறார்கள். அச்சில் வந்தது 1623இல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து. அவருடைய துன்பியல் நாடகங்களில் இதுதான் ஆகச் சிறியது. ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாம். முடித்த பிறகு நித்திரை வராது.

நான் இருப்பது உடையார்கட்டில். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் எங்கள் ஊர். குளம், வயல், கச்சான் தோட்டம், தென்னை. பின்னேரத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் விறாந்தையில் குந்தியிருந்து கதைப்பார்கள். வவுனியாவில் படிப்பிக்கும் மச்சான் ஒருவர் தந்த குறிப்புரைப் பதிப்பை வாசித்து, வாசித்த அளவை அன்றன்றைக்கே எங்கள் விறாந்தையில் கதையாகச் சொல்லத் தொடங்கினேன். கேட்டவர்கள் என்ர மனுசி, பக்கத்து வளவு அக்கா, அவவின் மகள், சில நாட்களில் மாமி. அந்தப் பின்னேரங்களை நான் எதற்கும் கொடுக்கமாட்டேன். சேக்ஸ்பியரைப் பற்றி நான் படித்த குறிப்புகளைவிட அந்தப் பெண்கள் கேட்ட கேள்விகள் என்னை நாடகத்துக்குள் ஆழமாக இறக்கின.

கதை ஒரு கடிதத்தோடு வீட்டுக்குள் நுழைகிறது. போரில் வென்ற மக்பெத்தை வழியில் மூன்று சூனியக்காரிகள் மறித்து, நீ அரசனாவாய் என்கிறார்கள். அந்தச் செய்தியை அவன் உடனே எழுதி மனைவிக்கு அனுப்புகிறான். தனக்கு வரப்போகும் பெருமையில் அவளையும் சரிபாதிப் பங்காளியாக்கி எழுதுகிறான். லேடி மக்பெத் மேடையில் தோன்றுவதே அந்தக் கடிதத்தைக் கையில் வைத்து வாசித்தபடிதான். என்ன அருமையான தொடக்கம்! இந்த மனுசன் மனைவிக்கு ஒன்றையும் ஒளிக்காதவன் என்பதை ஒரு கடதாசியில் காட்டிவிடுகிறார் சேக்ஸ்பியர். பின்னால் வரும் அத்தனை வலிக்கும் விதை இதற்குள் இருக்கிறது.

கடிதத்தை வாசித்து முடித்ததும் அவள் கணவனை எடை போடுகிறாள். ஆசை இருக்கிறது, ஆனால் மனசில் ஈரம் கூடிப்போச்சு. குறுக்கு வழியில் போகமாட்டான், குறுக்கு வழியால் வருவது கிடைத்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டான். அந்த நேரம் பார்த்து, அரசன் டங்கன் இன்றிரவு இங்கேதான் தங்குகிறான் என்று ஆள் வந்து சொல்கிறான். அவள் இருளின் ஆவிகளைக் கூப்பிட்டு, என் பெண்மையை எடுத்துக்கொள்ளுங்கள், இரக்கம் என் நெஞ்சுக்குள் வராமல் அடைத்துவிடுங்கள் என்று மன்றாடுகிறாள். கணவன் வீட்டுக்குள் வரும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. மிச்சத்தை என்னிடம் விடுங்கள் என்ற தோரணையில் அவனை உள்ளே அனுப்புகிறாள்.

பிறகு வருகிறது, முதலாம் அங்கத்தின் கடைசிக் காட்சி. அரசன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மக்பெத் பந்தியை விட்டு எழும்பி வெளியே வந்து தனியே நின்று யோசிக்கிறான். வந்திருப்பவன் என் அரசன், என் உறவினன், என் விருந்தாளி. அவனைக் காக்க வேண்டியவனே நான். தேடி வந்த மனைவியிடம், இதோடு நிறுத்துவோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறான். சில நிமிடங்கள்தான். அதற்குள் அவள் அவனைத் திருப்பிவிடுகிறாள். உன் அன்பும் இப்படித்தானா என்கிறாள், ஆண்மையைக் கேள்வி கேட்கிறாள். நான் வாக்குக் கொடுத்திருந்தால் பால் குடிக்கும் என் குழந்தையைக்கூட விட்டுவைக்கமாட்டேன் என்கிறாள். அந்த இடத்தைச் சொல்லும்போது மாமி காதைப் பொத்திக்கொண்டா.

"அவன் வேண்டாம் எண்டு சொன்னவனெல்லே. பிறகு ஏன் மாறினவன்?" என்று என்ர மனுசி கேட்டா.

பக்கத்து வளவு அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "பிள்ளை, அவள் திட்டினதால அவன் மாறேல்லை. ஆசை அவனுக்குள்ளதான் கிடந்தது. அவள் அதை வெளியில எடுத்து மேசையில வைச்சாள். பிறகு அவனாலயும் காணாத மாதிரி இருக்கேலாமல் போச்சு."

இந்தக் காட்சியைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு சொல் நான் கேட்டதில்லை. மனைவி கெடுத்தாள், கணவன் கெட்டான் என்று முடித்துவிடுவது சுலபம். சேக்ஸ்பியர் அப்படி எழுதவில்லை. இரண்டு பேரும் ஒன்றையே விரும்புகிறார்கள். ஒருவருக்கு வாய் இருக்கிறது, மற்றவருக்கு வாள் இருக்கிறது. இரண்டும் சேராமல் அந்தக் கொலை நடந்திராது.

கொலை நடக்கும் அறையை நாடகம் நமக்குக் காட்டுவதில்லை. வெளியே இருட்டில் நிற்கும் மனைவியைத்தான் பார்க்கிறோம். காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்து கொடுத்தது அவள். கத்திகளை எடுத்து வைத்ததும் அவள். ஆனால் ஒன்றைச் சொல்லி என்னைத் திகைக்க வைக்கிறாள். நித்திரையில் அந்தக் கிழவனின் முகம் என் அப்பாவின் முகத்தைப் போல இருந்தது, இல்லாவிட்டால் நானே செய்திருப்பேன் என்கிறாள். ஆவிகளிடம் இரக்கத்தை ஒப்படைத்தவளுக்குள் ஒரு மகள் இன்னும் சாகாமல் இருக்கிறாள்! அந்த ஒற்றை வசனத்துக்காகவே சேக்ஸ்பியரைக் கும்பிடலாம்.

கணவன் இரண்டு கத்திகளையும் கையில் வைத்தபடியே திரும்பி வருகிறான். அவற்றைக் காவலர்களுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். திரும்பப் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறான். செய்ததை நினைக்கவே பயம் என்கிறான். அவள் கத்திகளைத் தன் கையில் வாங்கிக்கொண்டு தானே உள்ளே போகிறாள். அவளுடைய அதிகாரத்தின் உச்சம் இதுதான். அவன் தன் கைகளைப் பார்த்து, முழுக் கடலும் இந்த இரத்தத்தைக் கழுவாது என்று பிதற்றுகிறான். அவளோ கொஞ்சத் தண்ணீர் போதும் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாள். வாசலில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வாசிக்கும்போதே என் நெஞ்சு அந்தத் தட்டலோடு சேர்ந்து அடித்தது.

அடுத்ததுதான் நான் இந்த நாடகத்தில் மிக மிக விரும்பும் இடம். பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடமும் அதுவே. விடிந்து, அரசன் கொலையுண்டது தெரிந்து, எல்லோரும் ஓடி வருகிறார்கள். உள்ளே போய்த் திரும்பிய மக்பெத், கோபத்தில் காவலர் இருவரையும் வெட்டிவிட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்கிறான். இது திட்டத்தில் இல்லை. மனைவிக்குத் தெரியாது. அவன் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது லேடி மக்பெத் மயங்கி விழுகிறாள். அது நடிப்பா, உண்மையா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கணவன் தன்னைக் கேட்காமல் செய்த முதற்கொலையை அவள் ஊராரோடு சேர்ந்து கேட்கிறாள். அவளுடைய காலுக்குக் கீழே நிலம் நழுவிய கணம் அது.

பிறகு அவன் அரசன், அவள் அரசி. இருவரும் விரும்பியது கிடைத்துவிட்டது. அப்போதுதான் சேக்ஸ்பியர் அந்தச் சின்னக் காட்சியை வைக்கிறார். கணவனோடு இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும் என்று அரசரிடம் போய்ச் சொல்லு என்று அவள் ஒரு வேலைக்காரனை அனுப்புகிறாள். கடிதம் எழுதி எல்லாவற்றையும் சொன்ன கணவனைக் காண இப்போது இடையில் ஆள் வேண்டியிருக்கிறது! இதற்கு முந்திய காட்சியில்தான், இரவு விருந்து வரை நான் தனியே இருக்கப்போகிறேன் என்று அவளையும் சேர்த்து எல்லோரையும் அவன் அனுப்பிவைத்திருந்தான். அந்த நேரத்தில் நண்பன் பாங்கோவையும் அவன் மகனையும் கொல்ல ஆள் ஏவிவிட்டான்.

அவள் வந்து, ஏன் இப்படித் தனியே இருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். ஏதோ நடக்கப்போகிறது என்று மட்டும் அவன் கோடி காட்டுகிறான். என்ன செய்யப்போகிறீர்கள் என்றதும், நீ ஒன்றும் அறியவேண்டாம், முடிந்த பிறகு மெச்சினால் போதும் என்கிறான். அதுவும் செல்லப்பேர் சொல்லி, கொஞ்சலாக. திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு நொந்திராது.

"ஏன் தம்பி, அவளைக் காப்பாற்றத்தானே அவன் சொல்லாமல் விடுறான்?" என்று அக்கா கேட்டா.

அவவின் மகள் இடைமறித்தாள். "இல்லையம்மா. அவள் கேட்டவள். கேட்ட பிறகும் சொல்லாமல் விட்டால் அது காப்பாற்றுறது இல்லை."

அன்றைக்கு விறாந்தையில் நடந்த வாக்குவாதம் தேத்தண்ணி ஆறும் வரை நீண்டது. இரண்டு பக்கமும் சரி என்பதுதான் அந்த எழுத்தின் பெருமை. அவன் உண்மையில் அன்பாகவும் இருக்கிறான், உண்மையில் அவளை வெளியேயும் தள்ளுகிறான். ஒரே வசனம் இரண்டு வேலையும் செய்கிறது.

விருந்துக் காட்சிக்கு வருவோம். ஆவியாக வந்து மக்பெத்தின் கதிரையில் இருக்கும் பாங்கோவை அவன் ஒருவன்தான் காண்கிறான். அவன் அலற, அவள் எழும்பி நின்று, இது இவருக்குச் சின்ன வயதிலிருந்தே வரும் வருத்தம், கவனிக்காமல் சாப்பிடுங்கள் என்று விருந்தாளிகளைச் சமாளிக்கிறாள். கணவனைத் தனியே இழுத்துப் பழையபடி ஆண்மையைச் சொல்லிக் கடிகிறாள். முன்பு வேலை செய்த அதே மருந்து. இப்போது வேலை செய்யவில்லை. பாங்கோ செத்துவிட்டான் என்பதே அவளுக்குத் தெரியாது! தான் அறியாத ஒரு கொலையை மூடி மறைக்க அவள் படும் பாட்டைப் பார்க்கும்போது கண் கலங்குகிறது. கடைசியில் விருந்தாளிகளை அவசரமாக அனுப்பிவிட்டு இருவரும் தனியே நிற்கிறார்கள். அவள் அவனைத் திட்டவில்லை. உங்களுக்கு நித்திரை வேண்டும் என்று மட்டும் சொல்கிறாள். விழித்த நிலையில் அவள் நாடகத்தில் பேசுவது அதுதான் கடைசி.

நான்காம் அங்கம் முழுவதும் அவள் இல்லை. மக்பெத் தனியே சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான். இந்தத் தடவை கடிதமும் இல்லை. மக்டஃப்பின் கோட்டைக்கு ஆள் அனுப்பி அவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்கிறான். இங்கே சேக்ஸ்பியரின் கைவண்ணத்தைப் பாருங்கள். மக்டஃப் நல்லவன், நாட்டுக்காக இங்கிலாந்துக்குப் போனவன். அவனும் மனைவிக்குச் சொல்லாமல்தான் போயிருக்கிறான். அந்தப் பெண், எங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டாரே என்று கொதிக்கிறாள். சற்று நேரத்தில் கொலைகாரர் வந்துவிடுகிறார்கள். கெட்டவன் வீட்டிலும் சரி நல்லவன் வீட்டிலும் சரி, சொல்லாமல் விட்டதற்கான விலையைப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள். இந்தக் காட்சியில் எங்கள் விறாந்தையில் ஒருவரும் கதைக்கவில்லை. 2009 சனவரியில் எங்கள் ஏ-35 வீதிக்கு வடக்கே பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் ஷெல் விழ விழப் பிள்ளைகளோடு பங்கருக்குள் கிடந்த சனம் நாங்கள். மேலிடத்து முடிவுகளை வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஐந்தாம் அங்கம். லேடி மக்பெத் நித்திரையில் எழும்பி நடக்கிறாள், கையில் விளக்கோடு. வைத்தியரும் பணிப்பெண்ணும் மறைந்து நின்று பார்க்கிறார்கள். அவள் இல்லாத கறையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். இரத்தத்தின் மணம் கையை விட்டுப் போகவில்லை என்று ஏங்குகிறாள். மக்டஃப்பின் மனைவி இப்போது எங்கே என்று கேட்கிறாள். நாடகத்தில் இதுவரை செய்யுளில் பேசியவளை இங்கே உடைந்த உரைநடையில் பேச வைக்கிறார் சேக்ஸ்பியர். கணவனைக் கை கழுவச் சொல்கிறாள், இரவுடுப்பைப் போடச் சொல்கிறாள், கையைத் தாருங்கள், படுக்கப் போவோம் என்கிறாள். கடைசி வரைக்கும் அவள் அவனைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் அவன்தான் இல்லை. உலக நாடகத்தில் இதைவிடத் தனிமையான ஒரு காட்சியை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்!

அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வரும்போது மக்பெத் போருக்கு ஆயத்தமாகி நிற்கிறான். அழ நேரமில்லை, அழ நெஞ்சிலும் ஒன்றும் மிச்சமில்லை. வாழ்க்கையே அர்த்தமில்லாதது என்று சில வரிகள் பேசிவிட்டு அடுத்த செய்திக்குத் திரும்புகிறான்.

இந்த இருவரும் இடம் மாறிக்கொள்வதைச் சேக்ஸ்பியர் எவ்வளவு கணக்காகச் செய்திருக்கிறார் என்று எண்ணி எண்ணி வியக்கிறேன். முதலில் நித்திரையைக் கொன்றுவிட்டேன் என்று அலறியவன் அவன். கடைசியில் நித்திரை கெட்டு நடப்பவள் அவள். முதலில் இல்லாத கத்தியைக் கண்டவன் அவன். கடைசியில் இல்லாத கறையைக் காண்பவள் அவள். கொஞ்சத் தண்ணீர் போதும் என்றவளுக்குக் கை வெளுக்கவேயில்லை. கடலே போதாது என்றவன் பயத்தின் ருசியே மறந்துபோச்சு என்கிறான். இருளை வா என்று கூப்பிட்டவள் விளக்கில்லாமல் இருக்கமாட்டேன் என்கிறாள். துலாவில் ஒரு முனை இறங்க மறுமுனை ஏறுவதைப் போல ஒருவரின் பலம் மற்றவருக்குப் போகிறது. ஆனால் சேக்ஸ்பியர் அதோடு நிற்கவில்லை. மனைவியிடமிருந்து கணவனுக்குப் போன அந்தப் பலம் அவனிடமும் தங்குவதில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும்தான் அவர்களுக்குப் பலம் இருந்தது. அவன் சொல்வதை நிறுத்திய நாளில் இரண்டு பேருமே தோற்றுவிட்டார்கள். மிச்சம் எல்லாம் அந்தத் தோல்வி வெளியே தெரியவந்த விதம். நான் இந்த நாடகத்தில் கண்டது இதுதான், இதற்காகத்தான் இப்படிக் கொண்டாடுகிறேன்.

நடித்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சேக்ஸ்பியர் காலத்தில் இந்தப் பாத்திரத்தை நடித்தது பெண் அல்ல, பையன். எங்கள் கூத்திலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடி வந்ததால் எங்களுக்கு இதில் அதிசயமில்லை. 1785இல் லண்டனில் சாரா சிடன்ஸ் நித்திரையில் நடக்கும் காட்சியில் விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் கழுவினாராம். அதுவரை விளக்கைக் கையிலேயே வைத்திருப்பதுதான் வழக்கம். கழுவுகிறவளுக்கு இரண்டு கையும் வேண்டுமல்லவா! 1812இல் அவர் மேடைக்கு விடைகொடுத்த இரவில், அந்தக் காட்சி முடிந்ததும் சபை நாடகத்தை மேலே நடக்கவிடவில்லை. அவளுக்குப் பிறகு எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம் என்றுவிட்டார்கள். 1976இல் ட்ரெவர் நன் நெறியாள்கை செய்து ஜூடி டென்ச்சும் இயன் மக்கெலனும் நடித்த தயாரிப்பு ஒளிப்பதிவாக இருக்கிறது. சின்ன இடம், ஆடம்பரமில்லாத மேடை. டென்ச் அந்தக் காட்சியில் எழுப்பும் ஓலம் கைத்தொலைபேசியின் சின்னத் திரைக்குள்ளாலும் வந்து என் முதுகைச் சில்லிட வைத்தது.

பிறகு குரோசாவா! 1957இல் அகிரா குரோசாவா எடுத்த படத்தில் கதை பழைய ஜப்பானுக்குப் போகிறது. கணவன் வாஷிசு வேடத்தில் தோஷிரோ மிஃபூனே, மனைவி அசாஜி வேடத்தில் இசுசு யமாடா. ஜப்பானின் 'நோ' நாடகத்து முகமூடி போல அசையாத முகம் அவவுக்கு. மிஃபூனே முழு அறையையும் அளந்து நடந்து கொதிக்கிறார். அவ இருந்த இடத்தை விட்டு அசையாமல் மெல்லிய குரலில் அவரை ஆட்டிவைக்கிறா. எழும்பி நடக்கும்போது பட்டுத்துணி தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. இருட்டுக்குள் போய் மறைந்து மருந்து கலந்த மதுவோடு திரும்பி வரும் இடத்தை நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டாவது கொலைக்கும் மனைவிதான் காரணம். நண்பனின் மகனை வாரிசாக்கக் கணவன் இணங்கியிருக்கும் நேரத்தில், நான் பிள்ளைத்தாச்சி என்கிறாள். பிறகு குழந்தை இறந்தே பிறக்கிறது. சேக்ஸ்பியர் பிரித்துவைத்ததைக் குரோசாவா வேறு விதமாக முடிச்சுப் போடுகிறார். இரண்டும் பொன்.

விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) கதையை மும்பை நிழலுலகத்துக்குக் கொண்டுபோனது. இர்பான் கானும் தபுவும். அங்கே அவள் மனைவிகூட இல்லை, பெரிய தாதாவின் பிடிக்குள் இருப்பவள். பிடியிலிருந்து வெளியேற வேண்டிய ஒருத்தியின் ஆசை என்றதும் அந்தப் பாத்திரத்துக்கே வேறு நிறம் வந்துவிடுகிறது. தபுவின் கண்களை எழுத எனக்குத் தமிழ் போதாது.

சரித்திரத்தில் உண்மையாகவே ஒரு மக்பெத் இருந்தான். 1040 முதல் 1057 வரை ஸ்கொட்லாந்தை ஆண்டவன். டங்கனைப் படுக்கையில் அல்ல, போர்க்களத்தில் வென்றவன். அவன் மனைவியின் பெயர் க்ரூவொக். அவளே அரச குலத்தில் பிறந்தவள். லொக் லீவன் துறவிகளுக்கு நிலம் கொடுத்த சாசனம் ஒன்றில் அரசனும் அரசியுமாக இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன. நாடகத்தில் பிரிந்துபோன இருவர் அந்தச் சாசனத்தில் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமி ஒருநாள், "இதை எங்கட கோவலன் கூத்துக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ" என்றா. எனக்கு உடம்பு புல்லரித்தது. கண்ணகி எங்கள் மண்ணின் தெய்வம். வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளையில் பொங்கல். கோவலன் கூத்து முல்லைத்தீவாருக்கு இரத்தத்தில் ஊறியது. மாமி சொன்னபடி வைத்துப் பார்த்தால் இரண்டு கதையும் ஒன்றுக்கொன்று தலைகீழ். லேடி மக்பெத் நெருப்பாகத் தொடங்கி மௌனத்தில் அணைகிறாள். கண்ணகி மௌனத்தில் தொடங்கி நெருப்பாக முடிகிறாள். புகாரில் கோவலன் மாதவியிடம் போனபோது ஒரு வார்த்தை பேசாதவள். பொருள் போய் அவன் திரும்பி வந்தபோது காற்சிலம்பு இருக்கிறது என்று கொடுத்தவள். மதுரைக்குப் போவோம் என்று அவன் முடிவெடுக்க, விடியமுன் கூட நடந்தவள். அவன் வெட்டுண்ட பிறகுதான் அவளுக்குக் குரல் திறக்கிறது. திறந்த குரல் அரசசபையில் அரசனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. கண்ணகிக்கு நாடாளும் ஆசை இல்லை, அவள் கேட்டது நீதி. அந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது. ஆனால் கணவன் மனைவிக்கிடையில் பலம் எப்படி இடம்மாறும் என்பதை இளங்கோவும் சேக்ஸ்பியரும் இரண்டு கரையில் நின்று எழுதியிருக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் இன்னொரு சோடியும் இருக்கிறது, பாண்டியனும் கோப்பெருந்தேவியும். ஆடல் மகளிரை அரசன் பார்த்து ரசித்ததில் தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழும்பிப் போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் விரைந்து போகும் வழியில்தான் பொற்கொல்லன் வந்து மறிக்கிறான். விசாரிக்க நேரமில்லை, மனம் மனைவியிடம் போய்விட்டது. அந்த அவசரத்தில் பிறந்த கட்டளையில் கோவலன் தலை போகிறது. பிறகு பிழை தெரிந்து அரசன் விழ, தேவியும் கூட வீழ்கிறாள். ஒரு வீட்டு ஊடல் ஒரு நகரத்தை எரித்த கதை! இதை மக்பெத்தோடு சேர்த்து வாசித்த பிறகு இரண்டு நூல்களும் எனக்கு இரட்டிப்பாகத் திறந்தன.

இந்த நாடகத்தை எங்கள் களரிக்குக் கொண்டுவர முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1979இல் பி. வி. காரந்த், ரகுவீர் சகாயின் இந்தி மொழிபெயர்ப்பை எடுத்து, யட்சகானப் பாணியில் 'பர்ணம் வன' என்று டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்காக மேடையேற்றினார். எங்களிடமும் முன்மாதிரி உண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரிக்க, சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' வடமோடிக் கூத்து, இராவணனைத் துன்பியல் நாயகனாகவே களரியில் நிறுத்தியது. இராவணனை அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு மக்பெத் அந்நியனா? வரவுத் தாளத்தோடு அவன் போரிலிருந்து வரட்டும். கடிதத்தைக் கையில் வைத்து அவள் விருத்தம் பாடட்டும். கத்தியை வாங்கும் இடத்தில் மத்தளம் ஒரு கணம் நிற்கட்டும். நித்திரை நடையில் பாட்டை எடுத்துவிட்டு வெறும் பேச்சை மட்டும் விடட்டும். நினைக்கும்போதே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வன்னியில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரே, பள்ளிக்கூடங்களில் நாடகம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, இந்த நாடகத்தை எடுத்துப் பாருங்கள். கதை வேகம், எங்கள் சனத்துக்கு விளக்கமே தேவைப்படாது. வாசகர்களுக்கும் ஒரு சொல். மக்பெத்தை ஒருவராக இருந்து வாசிக்காதீர்கள். கணவனும் மனைவியுமாக இருந்து, ஆளுக்கொரு பங்கை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். மூன்றாம் அங்கத்தில், நீ அறியவேண்டாம் என்று அவன் சொல்லும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கதையுங்கள். அதைக் கதைத்து முடித்த பிறகு நாலாம் அங்கத்தைத் திறவுங்கள்.